பஃபே மூடியைத் திறப்பதற்கு முன்: எங்கள் தொடர்மாடி நலன்புரிச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் தம்பிக்கும், பொருளாளர் தங்கச்சிக்கும், செயற்குழுவின் மற்ற அங்கத்தவர்களுக்கும்,

வணக்கம்.

போன புதன்கிழமை லிப்டுக்குள் ஒட்டியிருந்த அறிவித்தலை நான்காம் மாடிக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு தரம் வாசித்து முடித்துவிட்டேன். எங்கள் லிப்டின் வேகம் அப்படி. அதைப் பற்றி வேறொரு கடிதம் எழுதுவேன். இந்த வருட ஒன்றுகூடலில் மதியச் சாப்பாட்டுக்கு முன் எந்தச் சமயத்தின் பிரார்த்தனையும் இடம்பெறாது, சரியாகப் பன்னிரண்டரைக்கு பஃபே திறக்கப்படும், அவரவர் வசதிப்படி எடுத்துச் சாப்பிடலாம் என்று அதில் போட்டிருந்தீர்கள். கீழே கையொப்பமும் முத்திரையும்.

ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. போன வருடம் நானும் அங்கேதான் இருந்தேன்.

மொட்டை மாடியில் படங்கு கட்டி, பிளாஸ்டிக் கதிரை போட்டு, ஓரமாக நீண்ட மேசையில் சாப்பாட்டை மூடி வைத்திருந்தார்கள். மஞ்சள் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய் மோஜு, பருப்பு, அப்பளம், கட்லட், கடைசியில் வட்டிலாப்பம். முதலில் தேவாரம். படித்த பிள்ளை நன்றாகத்தான் படித்தாள், ஆனால் ஒரு பாட்டோடு நிற்கவில்லை, பதிகம் முழுவதையும் படித்தாள். அடுத்து, யாரோ ஒருவரின் விருந்தாளியாக வந்திருந்த போதகர் ஒலிவாங்கியை வாங்கினார். உணவில் தொடங்கி, நாட்டின் பொருளாதாரத்துக்குப் போய், பரீட்சை எழுதும் பிள்ளைகள், கனடாவில் இருக்கும் உறவுகள் எல்லோரையும் சுற்றி வந்தவர், உணவுக்குத் திரும்பி வரவேயில்லை. பிறகு ஒரு துஆ. பிறகு இரண்டாம் மாடிப் பெரியவரின் பாளி கதா, அதாவது பௌத்தச் செய்யுள். யாருக்கும் யாரும் குறைந்தவர் இல்லை என்று காட்டுவதற்காகவே ஒவ்வொன்றும் முன்னையதைவிடக் கொஞ்சம் நீண்டது என்பது என் சந்தேகம். என் கைக்கடிகாரப்படி மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்.

அந்த முப்பத்தைந்து நிமிடத்தின் நடுவில் ஐந்தாம் மாடிச் சின்னவன் ஒருவன் மேசை விரிப்புக்குக் கீழால் கையை நீட்டி ஒரு கட்லட்டை எடுத்தான். எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது என்னைக் கண்டான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரே கண்ணை மூடியிருந்த நேரத்தில் நான் மட்டும் திறந்துகொண்டு இருந்தேன் அல்லவா.

அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் சண்டை. எந்தச் சமயத்துக்கு எத்தனை நிமிடம் என்று ஒருவர் அட்டவணை போட்டார். பிரார்த்தனையே வேண்டாம், எங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, ஏன் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும் என்று ஆறாம் மாடி இளம் தம்பதி கேட்டார்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையை எடுத்துப் போட்டவரும் உண்டு. மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் கட்லட்டோடு கோர்த்துப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

ஆகவே தலையிடியே வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாக வெட்டிவிட்டீர்கள். எனக்கு இருக்கிற குறை, வெட்டிய இடம் பிழை என்பதுதான்.

இந்த ஒன்றுகூடல் எப்படி வந்தது என்பதை, புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2022 மே, ஜூன் மாதங்கள். பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டருக்காகச் சனம் தெருவில் வெறும் சிலிண்டரை வரிசையாகச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, பக்கத்தில் பாய் போட்டுப் படுத்த காலம். மண்ணெண்ணெய்க்கும் கியூ, பெற்றோலுக்கும் கியூ. தொடர்மாடி வீட்டில் விறகு அடுப்பு மூட்ட இடம் ஏது? மூன்றாம் மாடி மெதடிஸ்ட் அன்ரிதான் முதலில் மொட்டை மாடியில் மூன்று கல்லை வைத்துப் பானையை ஏற்றினார். அடுத்த நாள் ஒன்றாம் மாடி ஹாஜியார் வீட்டிலிருந்து பருப்பு வந்தது. இரண்டாம் மாடிச் சிங்களக் குடும்பம் பலாக்காய் கொண்டுவந்தது. நான் கொண்டுபோனது பழைய பலகைப் பெட்டிகளும் ஒரு உரப்பை சிரட்டையும். யாழ்ப்பாணத்தான் சிரட்டையை எறியமாட்டான் என்று என் மனைவி ஆயிரம் தரம் ஏசியிருக்கிறாள், அந்த மாதத்தோடு ஏச்சு நின்றது.

சோறு, பருப்பு, சில நாள் சொதி. அவ்வளவுதான். ஆனால் ஒன்று கவனித்தேன். பானையை இறக்கிய பிறகு யாரும் உடனே கை வைப்பதில்லை. அகப்பை அன்ரியின் கையில். கீழே தண்ணீர் எடுக்கப் போன பிள்ளை வரட்டும், தொழுதுவிட்டு ஹாஜியார் வரட்டும் என்று நிற்போம். எல்லோரும் வந்ததும் அன்ரி ஒரு ஐந்து விநாடி கண்ணை மூடுவார். ஹாஜியார் வாய்க்குள் பிஸ்மி சொல்வார். நான் வழக்கம்போலச் ‘சிவசிவா’ என்று கோப்பையை இழுப்பேன். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, ஒலிவாங்கி இல்லை, மின்சாரமே பாதி நாள் இல்லை. யாருக்கும் யாரோடும் சண்டையும் வரவில்லை.

அந்த நாட்களின் நினைவாகத்தான் அடுத்த வருடம் ஒன்றுகூடல் வைத்தோம். பானை போய் கேட்டரிங் வந்தது, கல்லடுப்பு போய் ஒலிபெருக்கி வந்தது. பிரார்த்தனை மட்டும் அதே இடத்தில் இருந்தது, ஆனால் வேறு ஏதோ ஆகிவிட்டது.

நான் சாப்பாட்டுக்கு முன் நிற்கப் பழகியது என் வீட்டில் இல்லை. ஊரில் அம்மா முதல் பிடி சோற்றை மதிலில் காகத்துக்கு வைப்பார், காகம் வந்து கொத்துகிற வரைக்கும் விரத நாளில் எங்களுக்குச் சோறு கிடையாது. அதைப் பிரார்த்தனை என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை, காகத்தைத் திட்டிக்கொண்டுதான் இருப்போம். 1973இல் எழுதுவினைஞர் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் சமறி. சமறி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது: ஐந்தாறு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையல்காரரை வைத்துச் சாப்பிடுவது. அங்கே சட்டம் ஒன்றுதான். முந்தினவனுக்கு மீன் துண்டு, பிந்தினவனுக்குக் குழம்பு, அதற்கும் பிந்தினவனுக்குச் சட்டி. நான் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், வேலை முடித்து எட்டு மணிக்கு வருகிறவன். சட்டி வழித்துச் சாப்பிட்டே ஒன்பது மாதம் போனது. ஆறு பேர் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். சேர்ந்து சாப்பிட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடம் தெகிவளையில் ஒரு பறங்கி விதவைத் தாயின் வீட்டில் போடிங் எடுத்தேன். நாங்கள் நாலு பேர் போடர்கள். பாண் கியூவும் மரவள்ளிக்கிழங்குமாக நாடு கிடந்த காலம் அது. இரவுச் சாப்பாடு பல நாள் அவித்த மரவள்ளியும் தேங்காய்ச் சம்பலும்தான். அதற்கும் வெள்ளை விரிப்பு, முள்ளுக்கரண்டி. நாலு பேரும் உட்காரும்வரை அந்த வீட்டுக்கார அன்ரி தொடமாட்டார், தொடவும் விடமாட்டார். பிறகு கையைக் கோர்த்துக்கொண்டு ஒரே மூச்சில் ‘ஃபோர் வட் வி ஆர் அபௌட் டு ரிசீவ்’ என்று தொடங்கி முடித்துவிடுவார். ஆறு விநாடிகூட வராது.

ஒரு நாள் கோட்டையில் ரயில் தாமதம். ஒன்றரை மணித்தியாலம் பிந்திப் போனேன். அதற்கு முதல் நாள்தான் வாடகை பிந்தியதற்காக எனக்கும் அவருக்கும் வாய்த்தர்க்கம். சமறிப் பழக்கத்தில் சட்டி வழிக்கலாம் என்ற எண்ணத்தோடு உள்ளே போனால், மேசையில் மூன்று பேர், நடுவில் ஆறிப்போன மரவள்ளி, தலைமாட்டில் அன்ரி. ஒருவர் கோப்பையிலும் ஒன்றும் இல்லை. நான் கை கழுவி உட்கார்ந்ததும் ஆறு விநாடிப் பிரார்த்தனை. ஆமென் சொன்ன அடுத்த கணம் என்னைப் பார்த்துத் தொடங்கிய ஏச்சு சாப்பாடு முடியும்வரை ஓயவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த ஆறிப்போன கிழங்கை நான் மறக்கவில்லை.

அவர் சொன்ன வசனத்தின் பொருள் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. நாம் பெறப்போகிறதற்கு ஆண்டவர் நம்மை உண்மையிலேயே நன்றியுள்ளவர்களாக ஆக்குவாராக, என்பதுதான் அது. நன்றி சொல்வதில்லை, கவனித்தீர்களா? நன்றி இல்லாதவன் என்பதை ஒத்துக்கொண்டு, அதைக் கொடு என்று கேட்கிறது. ஒவ்வொரு இரவும் மரவள்ளியைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டியிருந்த ஒரு விதவைக்கு அதுதான் நேர்மையான வசனம் என்று இப்போது தோன்றுகிறது. சாப்பாட்டுப் பிரார்த்தனைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் கிரேஸ் என்ற சொல்லே லத்தீனில் நன்றியைக் குறிக்கும் ‘கிராசியா’விலிருந்து வந்தது என்று மூன்றாம் மாடி அன்ரி சொன்னார்.

அதே அன்ரிதான் வெஸ்லியின் தேநீர்ச் சாடிக் கதையையும் சொன்னார். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லிக்கு வெட்ஜ்வுட் என்ற புகழ்பெற்ற மட்பாண்டக்காரர் ஒரு பெரிய சாடி செய்து கொடுத்தார். அதன் ஒரு பக்கத்தில் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் நாலு வரி, மறுபக்கத்தில் சாப்பாட்டுக்குப் பின் சொல்லும் நாலு வரி. முன் சொல்வதை எழுதியவர் ஜோன் செனிக், 1741இல். எங்கள் மேசையில் வந்திரும் ஆண்டவரே என்று தொடங்கும், இன்றும் உலகம் முழுவதும் மெதடிஸ்ட்காரர் பாடுவது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது இறையியல் இல்லை, அளவு. தேநீர்ச் சாடியின் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும், அதற்கு மேல் போனால் தேநீர் ஆறிவிடும். வெஸ்லியின் ஆட்கள் 1814இல் காலியில் வந்து இறங்கியபோது இந்த அளவையும் கொண்டுவந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். போன வருடம் வந்த போதகர் எந்தக் கப்பலில் வந்தாரோ.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சைவத்தில் இதற்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. ‘அன்னம் பாலிக்கும்’ என்று தொடங்கும் அப்பர் தேவாரம், ஐந்தாம் திருமுறையின் முதல் பாட்டு. நாலே வரி. அடியார்களுக்கு அன்னமிடும் மகேசுர பூசையில் அதைப் படித்துவிட்டு, ‘நமப் பார்வதி பதயே’ என்று ஒருவர் சொல்ல, ‘அரகர மகாதேவா’ என்று பந்தி முழுவதும் சொன்ன பிறகுதான் கை இலைக்குப் போகும். இராமகிருஷ்ண மடங்களில் கீதையின் நாலாம் அத்தியாயத்து 24ஆம் சுலோகம் சொல்வார்கள், அதுவும் இரண்டு வரிதான். நாலு வரிப் பாட்டு இருக்க, அந்தப் பிள்ளையின் கையில் முழுப் பதிகத்தையும் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். நான்தான் என்று தெரியவந்தது. நல்ல பதிகம் ஒன்று படி பிள்ளை என்று முதல் நாள் லிப்டில் சொல்லியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஹாஜியாரிடம் இதைப் பற்றிக் கதைத்தபோது சிரித்தார். அவருக்கு ஒலிவாங்கி தேவையே இல்லையாம். பிஸ்மி அவரவர் சொல்ல வேண்டியது, முடிந்ததும் அல்ஹம்துலில்லாஹ். தொடக்கத்தில் மறந்துபோனால்? நடுவில் ஞாபகம் வந்தவுடன் ‘தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அல்லாஹ்வின் பெயரால்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நபிமொழி இருக்கிறது என்றார். மறதிக்காரர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள், என் வயதில் அது பெரிய ஆறுதல். அவர் மகளின் கல்யாணத்தில் சஹன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெரிய தட்டத்தைச் சுற்றி ஆறு பேர். கை கழுவ ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவார். ஆறாவது ஆள் வந்து உட்காராமல் மற்ற ஐந்து பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அன்று ஆறாவது ஆள் நான். செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே நின்றேன்.

இரண்டாம் மாடிப் பெரியவரின் மனைவி இறந்து மூன்றாம் மாதத் தானத்துக்கும் போயிருந்தேன். முதலில் புத்தருக்குப் படையல். பிறகு பிக்குமார். உச்சிப் பொழுதுக்கு முன் அவர்கள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதால் வீட்டுக்காரர்கள் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். பெரியவரும் பிள்ளைகளும் கடைசியில்தான் சாப்பிட்டார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் கடைசியில் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அது ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இதையெல்லாம் நான் சொல்வது சமயங்கள் எல்லாம் ஒன்று என்று காட்ட இல்லை. ஒன்றில்லை, எல்லோருக்கும் தெரியும். யூதர்கள் பெரிய பிரார்த்தனையைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொல்கிறார்கள், உபாகமத்தின் எட்டாம் அதிகாரம் உண்டு திருப்தியானதும் துதி என்று சொல்வதால். வயிறு நிறைந்தவன்தான் மறப்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் போல. ஆனால் நான் கண்ட எந்தப் பந்தியிலும், காகத்துக்கு வைத்த என் அம்மாவிலிருந்து சஹன் வரைக்கும், பசியோடு இருக்கிறவன் சோற்றுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இன்னொருவருக்காகக் கொஞ்சம் பொறுக்கிறான். சொற்கள் அந்தப் பொறுத்தலுக்கு மேல் போட்ட துணி. உங்கள் அறிவித்தல் துணியைக் கிழிக்கப் போய் ஆளையே வெட்டிவிட்டது. ‘பன்னிரண்டரைக்குத் திறக்கப்படும், அவரவர் வசதிப்படி’ என்பதை வாசித்தபோது எனக்குப் பழைய சமறிதான் ஞாபகம் வந்தது. பஃபே என்பது கோட்டு சூட்டுப் போட்ட சமறி.

பதிலுக்கு ஒரு நிமிட மௌனம் வைக்கலாம் என்று செயலாளர் தம்பி படியில் வைத்துச் சொன்னார். தம்பி, தயவுசெய்து வேண்டாம். இந்த நாட்டில் நாங்கள் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருந்தால் அது செத்தவர்களுக்காகத்தான். எத்தனை நிமிடம் அப்படி நின்றிருக்கிறோம். மேசையில் கோழிக்கறியை வைத்துக்கொண்டு அப்படி நிற்க என்னால் ஏலாது.

எல்லாச் சமயத்துக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை எழுதித் தருவதாக ஒருவர் முன்வந்திருக்கிறாராம். நோயாளிக்குக் கொடுக்கும் பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கும்: யாருக்கும் ஒத்துவரும், யாருக்கும் ருசிக்காது.

நான் கேட்பது இதுதான். ஒரு வருடத்துக்கு ஒரு வீடு. அந்த வருடம் அந்த வீட்டுக்காரர் தங்கள் முறைப்படி, தங்கள் பாஷையில் சொல்லட்டும். தேநீர்ச் சாடி அளவு. ஒலிவாங்கி இல்லாமல். மற்றவர்கள் கண்ணை மூட வேண்டாம், தலையைக் குனிய வேண்டாம், ஆமென் சொல்ல வேண்டாம், கையைச் சும்மா வைத்திருந்தால் போதும். மற்ற வீட்டுக்காரர் வேண்டுமானால் தங்களுடையதை வாய்க்குள் சொல்லிக்கொள்ளட்டும், மொட்டை மாடியில் 2022இல் செய்ததும் அதுதானே.

ஆறாம் மாடித் தம்பதியின் முறை வரும்போது? அவர்களும் சொல்லட்டும். கடவுள் இல்லாமலும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. அந்தத் தம்பி எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சமைப்பவர், அரிசி பொலன்னறுவையிலிருந்து வந்ததா, கிளிநொச்சியிலிருந்து வந்ததா என்று விசாரித்து வாங்குகிறவர். அதைச் சொன்னாலே போதும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை மூன்றாம் மாடி அன்ரி எனக்குக் காட்டினார். புயலில் அகப்பட்ட கப்பல், பதினாலு நாள் சாப்பாடு இல்லை, கைதிகள், படைவீரர்கள், மாலுமிகள் என்று 276 பேர். அந்தக் கைதிகளில் ஒருவரான பவுல் அப்பத்தை எடுத்து எல்லோருக்கும் முன்னால் நன்றி சொல்லிப் பிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறார், பார்த்த மற்றவர்களும் தைரியம் வந்து சாப்பிடுகிறார்கள். அந்த 276 பேரில் எத்தனை பேர் பவுலின் கடவுளை நம்பினார்கள் என்று அங்கே யாரும் கணக்கெடுக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் மொத்தம் இருபத்திரண்டு வீடு, வாட்ஸ்அப்பில் மூன்று நாள் சண்டை.

இப்போது, பொறுத்துச் சொல்கிறேன் என்ற அந்த மற்ற விஷயம்.

போன வருடம் முப்பத்தைந்து நிமிடமும் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், படங்கின் நிழல் எட்டாத இடத்தில், எங்கள் காவலாளி நின்றுகொண்டிருந்தார். மாத்தறைப் பக்கத்துக்காரர், எனக்கு ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். கதிரைகளை மேலே ஏற்றியது அவர். கூட்டித் துடைக்கும் பெண்கள் இரண்டு பேர் படிக்கட்டில். கேட்டரிங் பொடியன்கள் மூன்று பேர் தட்டங்களுக்குப் பின்னால் கையுறை போட்டபடி. சொன்ன நாலு பிரார்த்தனைகளில் ஒன்று, இந்த உணவை ஆயத்தம் செய்த கைகளை ஆசீர்வதியும் என்று கேட்டது. அந்தக் கைகள் அங்கேயே நின்றன. அவற்றில் ஒன்றிலும் கோப்பை இல்லை.

பஃபே திறந்ததும் நான் காவலாளியிடம் போய், வாருங்கள் சாப்பிடுவோம் என்றேன். ‘மம பஸ்ஸே கன்னம் சேர்’ என்றார். பிறகு சாப்பிடுகிறேன் என்று. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, படிப்பக்கம் பார்த்தார். நானும் கடமை முடிந்தது என்று வரிசைக்குப் போய்விட்டேன்.

மூன்றரை மணிக்குக் கீழே குப்பை போட இறங்கினேன். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் லஞ்ச் சீற்றை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் சோறு, கோழிக் குழம்பில் கொஞ்சம், நொறுங்கிய அப்பளம். கோழித் துண்டு இல்லை, வட்டிலாப்பம் இல்லை. அவர் சோற்றைத் தொடுவதற்கு முன் ஏதாவது சொல்லிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது, நான் போனபோது பாதி முடிந்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். மடியில் சோறு, எழும்ப முடியவில்லை. நான் குப்பைப் பையோடு நின்றேன்.

இரண்டாம் மாடிப் பெரியவர் தானத்தில் கடைசியாகச் சாப்பிட்டது அவராக விரும்பிச் செய்தது. அவருக்கு அதில் புண்ணியம். காவலாளி கடைசியாகச் சாப்பிட்டது நாங்கள் வைத்தது. இதில் யாருக்குப் புண்ணியம்? தெகிவளை அன்ரி ஒன்றரை மணித்தியாலம் எனக்காக மரவள்ளியை ஆறவிட்டார், நான் வாடகை பாக்கி வைத்திருந்தவன். நாங்கள் முப்பத்தைந்து நிமிடம் கடவுளுக்காகப் பொறுத்தோம், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றவருக்காக அரை நிமிடம் பொறுக்கவில்லை.

ஆகவே பஃபேயையும் கைவிடுங்கள் என்று கேட்கிறேன். கேட்டரிங் இருக்கட்டும், சாப்பாடும் அதே சாப்பாடு. ஆனால் பந்தியாக உட்காருவோம். இருபத்திரண்டு வீட்டுச் சனமும் ஒரே தரத்தில் உட்கார மொட்டை மாடி காணாது என்பீர்கள். தெரியும், நான் அடி வைத்து அளந்துவிட்டேன், இரண்டு பந்தி வேண்டும். முதல் பந்தியில் காவலாளியும், கூட்டித் துடைக்கிற இருவரும், கேட்டரிங் பொடியன்களும், சின்னப் பிள்ளைகளும். பரிமாறுவது செயற்குழு. தலைவர் ஐயாவுக்கு முழங்கால் வருத்தம் என்று தெரியும், அவர் உட்கார்ந்தபடி உப்பு வைக்கலாம். கேற்றை யார் பார்ப்பது என்று கேட்டால் நான் பார்க்கிறேன். எழுபதைத் தாண்டியவன் என்றாலும் ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்து வருகிறவர் போகிறவரின் பெயரைக் கொப்பியில் எழுத ஏலும், முப்பத்திமூன்று வருடம் கிளாக்கர் வேலை செய்தவன். பிரார்த்தனையின்போது நான் கீழே இருப்பேன் என்பதால், மற்றவர்கள் கண்ணை மூடினார்களா என்று பார்க்க ஆள் இல்லாமல் போகும். ஐந்தாம் மாடிச் சின்னவனுக்கு அது வசதி.

இந்த வருட முறை எந்த வீட்டுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பாருங்கள். என் வீட்டுப் பெயர் வந்தால் அந்தத் தேவாரப் பிள்ளையையே படிக்கச் சொல்வேன், நாலு வரி மட்டும், இந்த முறை சத்தியமாக.

வாழையிலை என் பொறுப்பு. வெள்ளவத்தைச் சந்தையில் எனக்குத் தெரிந்த மரக்கறிக்கார அம்மா ஒருவர் இருக்கிறார், வெள்ளிக்கிழமை சொல்லிவைத்தால் ஞாயிறு காலை வெட்டி, துடைத்து, சாக்கில் சுற்றித் தருவார். எத்தனை இலை என்று மட்டும் சொல்லுங்கள். மோட்டார் அறைப் பக்கத்தையும் எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் மாடிக் கிழவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06